செண்பகவள்ளிக்கு இன்னார்

எங்கள் ஊர் ஆவுடைக்குளத்தில் செண்பகவள்ளி அக்காவின் கழுத்தில் தாலி கட்டிய மனிதரை, அதற்கு எட்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தயிர்சாதம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நான்தான் எழுதினேன். ஏழே வரிகளில் எழுதினேன், எழுதி முடித்ததும் மறந்தும் போனேன்.

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை என்றால் அருணகிரி அண்ணாச்சியின் அச்சகம்தான். பத்திரிகையில் பேர் போடவில்லை என்று பதினொரு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி எங்கள் ஊரில் உண்டு, பேர் போட்டுவிட்டார்களே என்று நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு எழுந்து வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், இனிமேல் பத்திரிகையை ஃபோனிலும் அனுப்பலாம் என்று அண்ணாச்சிக்கு யாரோ சொல்ல, கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை அவர் பின்னறையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கல்லூரியில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்று சொல்லக் குரல் வராமல் மூன்று வருஷமும் கையைத் தூக்கிக் காட்டியே ஒப்பேற்றியவள் நான். பின்னறை எனக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனியாக ஓர் இணையப் பக்கம் எழுத முடியாது. அதனால் ஒரே ஒரு வார்ப்பு செய்தேன். பணியாரச் சட்டி மாதிரி அதில் குழிகள் இருக்கும். மணமகள் பெயருக்கு ஒரு குழி, மாப்பிள்ளை பெயருக்கு ஒன்று, ஊருக்கு, தகப்பனாருக்கு, தாயாருக்கு என்று ஒவ்வொன்று. அந்தக் குழிக்குப் பாடப்புத்தகத்தில் மாறி என்று பெயர். மாவை ஊற்றினால் பணியாரம் வருவதுபோல, பெயரை ஊற்றினால் பக்கம் வந்துவிடும். ஆனால் யாராவது ஒரு குழியை நிரப்பாமல் விட்டால் பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும் என்று அண்ணாச்சி முகம் சுளித்தார். ஆகையால் ஒரு நிபந்தனை எழுதினேன்: மாப்பிள்ளை பெயர் இருந்தால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் இதைக் காட்டு.

அந்த 'இதை' என்பதற்கு எதையாவது எழுத வேண்டுமே. பெயர், செல்வன் இன்னார். தகப்பனார், திரு. அப்படி. தாயார், திருமதி. இப்படி. ஊர், இன்னவூர். மாப்பிள்ளையைப் பற்றி மூன்று வரி அறிமுகம் போட இடம் வைத்திருந்தேன், அதில் 'அமைதியானவர்' என்றும், 'கேட்டால் பேசுவார்' என்றும், மூன்றாவது வரிக்கு ஒன்றும் தோன்றாமல், மேசையில் ஆறிக்கொண்டிருந்த என் டம்ளரைப் பார்த்து, 'காபிக்குச் சர்க்கரை பாதி போதும்' என்றும் எழுதினேன். புகைப்படத்துக்கு ஒரு சாம்பல் நிற வட்டம்.

செண்பகவள்ளி அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊரில் அவளிடம் கையை நீட்டாதவர்கள் கிடையாது. அவளுக்கும் மகாராஜன் என்பவருக்கும் ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகி, என் வார்ப்பில் பெயர்களை ஊற்றி, பக்கத்தின் இணைப்பு ஆயிரம் ஃபோன்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டதற்கு, காரணம் ஒன்றும் இல்லை என்றார்கள்.

அவளுடைய அப்பா குருசாமி மாமா அச்சகத்துக்கு வந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; இன்னும் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார். அன்று தன் மகளின் பத்திரிகை அப்படி அவர் விரலிடுக்கில் இருந்தது.

“அவன் பேரை எடுத்துரு தாயி,” என்றார்.

பேரை மட்டுமா, பக்கத்தையே எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் தலையை ஆட்டினேன், அவர் போய்விட்டார். மகாராஜனைச் சேர்ந்த குழிகளையெல்லாம் காலி செய்து சேமித்தேன். அந்த நிமிஷமே கரண்ட் போனது. பக்கத்தைத் திறந்து பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் பூக்கடைப் பேச்சியக்கா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏ, செம்பகவள்ளிக்கு மாப்பிள்ள மாறிட்டாராம்லா. இன்னாராம்.”

“எந்த இன்னாரு?”

“இந்தா போட்டிருக்குல்லா, செல்வன் இன்னாருன்னு. இன்னவூரு.”

“இன்னவூரா? அங்ஙன எங்க மதினி கொழுந்தன் பொண்ணெடுத்திருக்கான். நல்ல தண்ணியுள்ள ஊரு.”

“அதான் சொல்லுவாகள்லா, இன்னாருக்கு இன்னாருன்னு ஏற்கெனவே முடிச்சு போட்டிருக்குன்னு. அது பொய்யா போகுமா?”

பக்கத்தை அழித்துவிடலாம் என்று ஓடினேன், அழிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று குருசாமி மாமா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார்கள். மச்சினன்தான் வேறு மாப்பிள்ளை பார்த்து முடித்திருக்கிறான் என்று மாமா நினைத்திருக்கிறார், மாமாதான் முடித்திருக்கிறார் என்று மச்சினன் நினைத்திருக்கிறார், ஆம்பளைகள் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று அத்தை நினைத்திருக்கிறாள். ஒருவரை ஒருவர் கேட்டால் நல்லது கலைந்துவிடுமோ என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கையில் இரண்டு முறுக்கைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு சாம்பல் வட்டம் எங்கே கல்யாணத்துக்கு வரப்போகிறது, காத்திருந்து பார்த்துவிட்டு அவர்களே கலைந்துபோவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிடக் கொடூரமான ஒன்றை என் வாழ்நாளில் நான் நினைத்ததில்லை.

கல்யாணத்தன்று காலை எட்டரை மணிக்கு, நம்பர் பலகையில் எல்லாம் சைபராக இருந்த ஒரு வேன் மண்டபத்து வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து பட்டு வேட்டி கட்டிய ஒருவர் இறங்கினார். அவருக்கு முகம் இருந்தது. பார்க்கும்போது நன்றாகவே இருந்தது. பார்வையை எடுத்ததும் அது எப்படி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. பின்னால் ஒரு பெரியவரும் ஒரு அம்மாளும் தாம்பூலத் தட்டோடு இறங்கினார்கள்.

“பிரயாணமெல்லாம் சௌகரியம்தான?” என்று குருசாமி மாமா கும்பிட்டார்.

“அப்படித்தான்,” என்றார் பெரியவர்.

“இன்னவூரு சாத்தூர் தாண்டி உள்ள போகணும்லா? நான் அந்த ரூட்ல ஓடியிருக்கேன்.”

“அப்படித்தான்.”

அத்தை அந்த அம்மாளிடம் சீர்வரிசையைக் காட்டி எப்படி அடுக்கலாம் என்று கேட்க, அந்த அம்மாள் “இப்படித்தான்” என்றாள். பேச்சியக்கா என் விலாவில் இடித்தாள். “சம்பந்தகாரகன்னா இப்படி இருக்கணும். ஒரு மறுபேச்சு உண்டா பாரு!” பத்து நிமிஷத்துக்குள் யாரோ முறை கண்டுபிடித்து மாப்பிள்ளையை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், வேறொருவர் இவருடைய தாத்தாவை எனக்குத் தெரியும் என்றார். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. நான் சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டோடு தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குக் காபி கொண்டுவந்தவர் கேட்டார், “சீனி எப்படி?”

“பாதி போதும்,” என்றார் அவர்.

தட்டு என் கையிலிருந்து விழுந்தது. கல்கண்டு மண்டபம் முழுக்க உருண்டது. எல்லாரும் கல்கண்டைப் பார்த்தார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என் வாயில் என் காபியின் ருசி வந்து நின்றது.

செண்பகவள்ளி அக்கா கூறைப்புடவையோடு மணமகள் அறையிலிருந்து நேரே நடந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை, ஊரிலுள்ள எல்லாருடைய ரத்தத்தையும் பார்த்தவளை யார் தடுப்பது.

“உங்கள யாரு வரச் சொன்னா?”

“யாரும் சொல்லல. பத்திரிகையில பேர் போட்டிருந்தது.”

“பேர் போட்டா வந்துருவீங்களோ?”

“பேர் போட்ட பிறகு வராம இருக்கலாமா?”

மண்டபம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. பேர் போட்ட பிறகும் வராமல்போன ஒருவனை எல்லாரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டார்கள். அக்கா அவர் கையைப் பிடித்து, முழங்கையின் உட்பக்கம் கட்டை விரலால் அழுத்தி, கொஞ்ச நேரம் கவனித்தாள்.

“நரம்பு கெடைக்குது,” என்றாள். “மேளத்தை வாசிக்கச் சொல்லுங்க.”

அப்படியாக இன்னார் எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையானார், ஊர் அவரை ஒரு வாரத்தில் செரித்துவிட்டது, இரண்டு வாரத்தில் அவர் இல்லாமல் தன்னால் முடியாது என்று கண்டுகொண்டது. ஏனென்றால் எங்கே ஓர் ஆள் குறைகிறதோ அங்கே அவர் இருந்தார். கைப்பந்துக்கு ஐந்து பேர் வந்து நின்று ஆறாவது ஆளுக்காகத் தெருவைப் பார்த்தால், ஆறாவது இடத்தில் இன்னார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். பாடை தூக்க நாலாவது தோள் கிடைக்காவிட்டால் அது இன்னாருடைய தோள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் விடுப்பு என்றால் கரும்பலகைக்கு முன்னால் அவர், கோயிலில் தவில்காரருக்கு வயிற்றுவலி என்றால் தவிலுக்குப் பின்னால் அவர், பந்தியில் ஓர் இலை போட்டு ஆள் உட்காராவிட்டால் அந்த இலைக்கு முன்னால் அவர். வராத ஆள் வந்து தன் இடத்தில் நின்றதும், இன்னார் அங்கே இருக்க மாட்டார். எப்படி வந்தார், எப்படிப் போனார் என்று யாரும் கேட்டதில்லை. “நல்ல வேளை, இன்னார் இருந்தாரு” என்பார்கள், அவ்வளவுதான். அது என் நிபந்தனை, இருந்தால் அது, இல்லாவிட்டால் இது, பக்கத்தை விட்டு இறங்கித் தெருத்தெருவாக நடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

மாசியில் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கப் போயிருந்தபோது செண்பகவள்ளி அக்கா என் பக்கமும் திரும்பினாள்.

“ஒனக்கும் பாக்கணுமாட்டி?”

“எனக்கில்லக்கா, அம்மாவுக்குத்தான். அத்தான் நல்லா இருக்காங்களா?”

“நல்ல மனுசன், கோமதி. கேட்டா பதில் சொல்லுவாரு. சோத்தைப் போட்டு வச்சிட்டுத் திரும்பினா இருக்கமாட்டாரு, எவனோ கைப்பந்துக்கு வரலையாம். அவரு எங்கன்னு தேட வேண்டியதில்ல, எங்க ஆள் இல்லையோ அங்க இருப்பாரு.” ஊசியின் உறையைக் கழற்றினாள். “எனக்கும் ஆள் இல்லாமத்தான வந்தாரு. அது ஒண்ணுதான் உறுத்துது. அவரு எனக்குன்னு வந்தாரா, எடம் காலியா இருக்குன்னு வந்தாரா?”

நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், என் கையில் ஊசி குத்தவே இல்லை என்பதையும் மறந்து.

பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் தெருவில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த அன்று மகாராஜன் தன் தாய்மாமனோடு அச்சகத்துக்கு வந்தார். நல்ல சட்டை, நல்ல உயரம், ஒரு தடவை பார்த்தால் மறக்காத முகம்.

“அப்ப ஒரு மனசு, இப்ப ஒரு மனசு,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

“பத்திரிகையில மொதல்ல இருந்தது எம் மருமகன் பேருதான்,” என்றார் தாய்மாமன். “அந்தப் பக்கம் இன்னும் அப்படியேதான இருக்கு? இவன் பேரைத் திரும்பப் போட்டா சரியாப் போயிரும். ஊர்ல சொன்னாக.”

ஊர் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தது, தெரிந்துகொண்டதாகத்தான் காட்டிக்கொள்ளவில்லை. அதைவிட என்னை அடித்துப்போட்டது அடுத்து நடந்தது. “அதுவும் நியாயந்தான்,” என்றார் அருணகிரி அண்ணாச்சி. “மொத முறை அவுகளுக்குத்தான்,” என்றாள் வாசலில் நின்ற பேச்சியக்கா. தகவல் சொல்லிக் கூட்டிவந்திருந்த குருசாமி மாமா ஒரு காகிதத்தை நீளவாக்கில் மடித்து, விரித்து, மறுபடி மடித்து, “மொதல்ல பேசுனது அவங்ககூடத்தான,” என்றார். ஏழு மாதம் அந்த மனிதருடைய தோளில், காலில், கையில் உட்கார்ந்து வாழ்ந்தவர்கள், சோடா குடித்து முடிக்கும் நேரத்தில் அவர் இல்லாத ஊரையும் செரித்துவிட்டார்கள்.

“போடும்மா கோமதி,” என்றார் அண்ணாச்சி.

குழியில் 'ம' என்று ஓர் எழுத்தை மட்டும் போட்டுச் சேமித்தேன். ஜன்னலுக்கு வெளியே, எலெக்ட்ரீஷியன் வராததால் ஏணி உச்சியில் நின்று பல்புச் சரத்தைக் கட்டிக்கொண்டிருந்த இன்னார் இல்லை. ஏணி நின்றது. சரம் பாதி முடிச்சோடு காற்றில் ஆடியது. நான் பதறிப்போய் எழுத்தை அழித்துச் சேமித்தேன். அவர் ஏணியில் நின்று அதே முடிச்சின் மீதியைப் போட்டார்.

“கயிறு எடுக்கப் போயிருப்பாரு,” என்றாள் பேச்சியக்கா.

“வேலை செய்யுதுல்லா?” என்றார் அண்ணாச்சி. “முழுப் பேரையும் போடு.”

“அக்காகிட்ட கேட்டீங்களா?”

யார் கேட்டது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் குரல்தான். அச்சகத்தில் ஒன்றரை வருஷத்தில் யாரும் கேட்டிராத குரல், கொஞ்சம் கரகரவென்று, நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. அக்காவிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தெருவில் செருப்பில்லாமல் நடந்து, பரிசோதனை நிலையத்துக்குள் போனேன்.

அக்கா ஒரு முதியவரின் கையில் ஊசியைச் செருகியிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: வார்ப்பை, குழியை, ஏழு வரியை, குருசாமி மாமாவிடம் கேட்காமல் விட்ட கேள்வியை, பாதிச் சர்க்கரையை, அச்சகத்தில் சோடா குடித்துக்கொண்டிருப்பவரை. அவள் ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள்.

“அப்ப, யாரும் இல்லாட்டித்தான் இவரு வருவாரு?”

“ஆமாக்கா.”

“வேற யாராவது இருந்தா?”

“வரமாட்டாங்க.”

“அவரே இருந்தா?”

எனக்குப் புரியவில்லை.

“மகாராஜன் பேரைப் போடச் சொல்ற எடத்துல அவரு பேரையே போட்டா?”

கம்ப்யூட்டரை மூன்று வருஷம் படித்தவள் நான். ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றியதில்லை. வெளியே பார்த்தால் அதே பெயர்தான், அதே எழுத்துதான். ஆனால் இல்லாவிட்டால் என்ற வாசல் வழியாக வந்தவர் இருந்தால் என்ற வாசல் வழியாக வருவார்.

“வேற நல்ல பேரா ஒண்ணு போடலாமாக்கா?”

“ஏழு மாசமா கூப்பிட்ட பேரு இருக்குல்லா.”

“அத்தானோட அப்பா அம்மா பேரு?”

“அவுக அப்படி இப்படின்னே இருக்கட்டும். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல.” கையுறையைக் கழற்றாமலே கிளம்பினாள். வழியில் மட்டும் நின்று, “அந்த மூணு வரி அறிமுகத்தை அழிச்சிரு. அவரு எப்படின்னு அவரு சொல்லட்டும்,” என்றாள்.

அச்சகத்தில் எல்லாரும் அவளுக்கு வழிவிட்டார்கள். மகாராஜன் எழுந்து நின்றார். அவள் அவரை, காலை வேளையில் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை பார்க்க வந்தவரைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். “நேரங்கழிச்சு வந்திருக்கீக,” என்றாள். நான் மூன்று வரிகளை அழித்தேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, கையுறை போட்ட ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, இ, ன், னா, ர் என்று அடித்தாள். நான் சேமித்தேன்.

அந்த மூன்று வரி போனதைத் தவிர, பக்கத்தில் ஒன்றுமே மாறவில்லை.

“பேரு மாறலயே,” என்றார் தாய்மாமன்.

அப்போது கோயில் தெருவிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

“ஏணியப் பிடிங்கய்யா யாராவது! ஆடுது! எனக்கு ஒசரம்னாலே ஆகாது!”

ஏழு மாதமாக ஏணியிலும் தென்னையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறியவர், யாரும் கேட்காமலேயே, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். குருசாமி மாமா விரலிடுக்கில் இருந்த காகிதத்தை விட்டுவிட்டு ஓடினார். “அவருக்கு எப்பவுமே ஒசரம்னா பயம்லா,” என்று பேச்சியக்கா கூட்டத்துக்குச் சொன்னாள், கூட்டம் ஆமாம் என்றது. மகாராஜனும் தாய்மாமனும் எப்போது போனார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் கைப்பந்துக்கு ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஆறாவது இடம் காலியாகவே இருந்தது, தோற்றார்கள், பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

ஏணியிலிருந்து இறக்கி அவரை அச்சகத்துக்கு அழைத்து வந்தார்கள். வேர்த்திருந்தார். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு, கொஞ்சம் பெரிய காதுகள், சிரித்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் மீசை. நான் பார்வையை எடுத்தேன். அந்த முகம் போகவில்லை. கண்ணை மூடினாலும் இருந்தது.

அவர் செண்பகவள்ளி அக்காவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். என் மேசையில் இருந்த என் காபியை, என்னைக் கேட்காமலேயே எடுத்தார், ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார்.

“இதை மனுசன் குடிப்பானா? சீனியே இல்லயே!”

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அது நான் எழுதிய வரி இல்லை.